யாருமற்ற அறையில் எரியும் விளக்கு

மின் கட்டணத்தைத் தம் வருமானத்திலிருந்து செலுத்தும் குடும்பத் தலைவர், அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைத்துவிட்டுச் செல்கிறார். இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. வந்து சேரும் கட்டணத் தொகையே அவருக்கு ஆசிரியராக இருந்து அதைக் கற்பித்துவிடுகிறது. அதே வீட்டுப் பிள்ளை மேற்படிப்புக்காகப் பல்கலைக்கழக விடுதியில் சேர்கிறான். பெரும்பாலான விடுதிகளில் அறைக்கென்று தனி மீட்டர் கிடையாது. மின்சாரத்திற்கான தொகை விடுதிக் கட்டணத்தோடு சேர்ந்து, முகமற்ற ஓர் எண்ணாகப் போய்விடுகிறது. அவன் வகுப்புக்குச் சென்றபின் பூட்டிய அறையில் மின்விசிறி நாள் முழுதும் சுழன்றாலும் அவனுக்குக் கூடுதல் செலவு இல்லை. அணைத்துவிட்டுச் சென்றாலும் அவன் பையில் ஒரு காசும் மிஞ்சப் போவதில்லை. பார்ப்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை.

அப்படியானால் அவன் அந்த விசிறியை ஏன் அணைக்க வேண்டும்?

கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் அறத்தைப் பற்றிய பழைய கேள்வி ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது. இலாபமும் இல்லை, தண்டனையும் இல்லை, புகழும் இல்லை என்ற நிலையில் மனிதன் நல்லதை எதற்காகச் செய்ய வேண்டும்? முனிவர்கள் காட்டில் அமர்ந்து ஆராய்ந்த இக்கேள்வி, இன்று விடுதி அறையின் கதவருகே, சுவிட்சுப் பலகையின் முன்னால், பதினெட்டு வயது இளைஞனிடம் நாள்தோறும் கேட்கப்படுகிறது.

கப்பலில் வரும் வெளிச்சம்

இக்கேள்விக்கு விடை காண விரும்புவோர் நடு அந்தமானில் உள்ள ரங்கத் என்னும் சிற்றூரைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். வங்காளிகளும் தமிழர்களும் பிறரும் கலந்து வாழும் ஊர் அது. தாய்நாட்டின் பெருநிலத்தில் ஒரு மாநிலத்தில் மின்சாரம் குறைந்தால் மற்றொரு மாநிலத்திலிருந்து கம்பி வழியே பெறலாம். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு அந்த வசதி இல்லை. பெருநிலத்தின் மின்தொடர் வங்கக் கடலின் கரையோடு நின்றுவிடுகிறது. தீவுகள் தமக்குத் தேவையான மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

எதிலிருந்து உண்டாக்குவது? வட அந்தமானில் கல்போங் ஆற்றின் குறுக்கே அமைந்த 5.25 மெகாவாட் புனல்மின் நிலையம் 2001ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. தெற்கு அந்தமானில் நெய்வேலி நிறுவனம் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அமைத்திருக்கிறது. ஆயினும் ஆற்றில் நீர் குறையும் மாதங்கள் உண்டு. சூரியன் மறையும் வேளை நாள்தோறும் உண்டு. ஆகவே தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் டீசலை எரித்தே பெறப்படுகிறது. ரங்கத் விரிகுடாவிலும் டீசல் மின் நிலையம் இருக்கிறது. அந்த டீசல் தீவுகளில் ஊறுவதன்று. பெருநிலத்திலிருந்து கப்பலேறி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான கடலைக் கடந்து வருவது.

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி திறந்துவைக்கப்பட்டது. ரங்கத்தும் அதனால் இணைக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. செய்தியும் படமும் பாடமும் கடலுக்கு அடியில் கம்பி வழியே கணப்பொழுதில் ரங்கத்தை அடைகின்றன. ஆனால் அவற்றைக் காட்டும் திரையை ஒளிரச் செய்யும் மின்சாரம் மட்டும், கடலின் மேல் மிதந்து வரும் எண்ணெயிலிருந்து பிறக்க வேண்டியிருக்கிறது.

டீசல் ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் எண்ணெயை எரித்தால் ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு யூனிட் மின்சாரம் கிடைக்கும். பழைய வகை மின்விசிறி ஒன்று 75 வாட் அளவு மின்சாரத்தை இழுக்கும். மாணவன் வகுப்பில் இருக்கும் எட்டு மணி நேரமும் அது வெற்றறையில் சுழன்றால் 0.6 யூனிட் செலவாகும். கணக்குக்காக, நூறு அறைகள் உள்ள விடுதியில் எல்லாரும் இப்படி மறந்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். ஒரு நாளில் 60 யூனிட். அதாவது ஏறத்தாழ 16 லிட்டர் டீசல். கல்லூரி நடக்கும் இருநூறு நாட்களுக்கு 3,200 லிட்டர். இருநூறு லிட்டர் பீப்பாய்களில் நிரப்பினால் பதினாறு பீப்பாய். கடல் கடந்து வந்த பதினாறு பீப்பாய் எண்ணெய், எந்த மனிதனின் வியர்வையையும் ஆற்றாமல், வெறும் சுவர்களுக்கு வீசிய காற்றாக முடிந்துவிடுகிறது.

ரங்கத்தில் வளரும் பிள்ளைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது ஏட்டுப் பாடம் அன்று; தன் ஊரின் அன்றாட வாழ்க்கை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர்களுள் சிலர் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவில், மாயாபந்தரில் 1990இல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி அரசுக் கல்லூரிக்குச் செல்கிறார்கள். சிலர் 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்துக்கும், சிலர் கடல் கடந்து புதுச்சேரிக்கும் சென்னைக்கும் செல்கிறார்கள். ஊர் பெரிதாகப் பெரிதாக, சுவிட்சுக்கும் மின் நிலையத்துக்கும் இடையிலான தொலைவும் பெரிதாகிறது. பெருநகர விடுதியில் நிலக்கரிச் சுரங்கமும் தெரிவதில்லை, அணையும் தெரிவதில்லை, எண்ணெய்க் கப்பலும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருளிடம் மனிதனுக்கு நன்றி பிறப்பது அரிது. வீணடித்தலின் வேர் பெரும்பாலும் கெட்ட எண்ணம் அன்று; இந்த அறியாமையே.

கொடுத்தவர் யார்?

1915ஆம் ஆண்டு பம்பாயில் காங்கிரஸ் மகாசபை கூடிய சமயம். காந்தியடிகள் தம் மேசையில் எதையோ பரபரப்புடன் தேடிக்கொண்டிருந்ததைக் காகா காலேல்கர் கண்டார். தேடியது இரண்டங்குல நீளம்கூட இல்லாத பென்சில் துண்டு. காலேல்கர் தம்முடைய பென்சிலைக் கொடுக்க முன்வந்தபோதும் காந்தியடிகள் ஏற்கவில்லை. சென்னையில் நடேசனின் சிறு மகன் அன்போடு கொண்டுவந்து கொடுத்த பென்சில் அது. அதனைத் தொலைத்துவிட அவருக்கு மனம் வரவில்லை. இருவரும் தேடிக் கண்டெடுத்த பிறகே அவர் அமைதியடைந்தார்.

இதைச் சிக்கனத்தின் கதையாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். பென்சிலின் விலை அங்கே பொருட்டே அன்று. அதைக் கொடுத்த குழந்தையின் முகம் அவர் நினைவில் இருந்தது. பொருளை மதிப்பது கொடுத்தவரை மதிப்பதாகும்.

மின்சாரத்தைக் கொடுப்பவரின் முகம் யாருக்கும் தெரியாது. இரவு முழுதும் இயந்திரத்தின் இரைச்சலில் விழித்திருக்கும் மின் நிலையத் தொழிலாளி, புயற்காற்றில் விழுந்த மரத்தை அகற்றிக் கம்பியைச் சீர்செய்யும் ஊழியர், எண்ணெய்க் கப்பலின் மாலுமி, நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குபவர், அணைக்காக நிலத்தை விட்டுக்கொடுத்த உழவர் ஆகிய இவர்கள் அனைவரும் அந்த ஒரு விளக்கின் பின்னால் நிற்கிறார்கள். பெயர் தெரியாத காரணத்தால் அவர்களுக்குப் பட்ட கடன் இல்லாமல் போய்விடுமா? இந்த நாட்டின் சாத்திரங்கள் மனிதன் பிறக்கும்போதே கடன்களோடு பிறக்கிறான் என்கின்றன. தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்க்கும் பட்ட கடன்களோடு, சக மனிதர்களுக்கும் பிற உயிர்களுக்கும் பட்ட கடனும் அதில் உண்டு. முகம் தெரிந்தவருக்கு நன்றி செலுத்துவது நற்பண்பு. முகம் தெரியாதவரின் உழைப்பையும் உணர்ந்து நடப்பது சாதனை.

அன்னை ஸ்ரீ சாரதாதேவியாரின் வாழ்வில் வரும் நிகழ்ச்சி அன்பர்களுக்குத் தெரிந்ததே. ஒருவர் வீட்டைப் பெருக்கி முடித்ததும் துடைப்பத்தை ஒரு மூலையில் வீசி எறிந்தார். அன்னை அதைக் கண்டித்தார். எளிய துடைப்பமாயினும் அதற்குரிய மதிப்பைத் தந்து, மெதுவாக வைக்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. அங்கே துடைப்பம் உடைந்துவிடவில்லை. காசு நஷ்டமும் இல்லை. ஆயினும் தனக்குப் பணி செய்த ஒன்றைப் பணி முடிந்ததும் எறியும் மனம், நாளை மனிதர்களையும் அப்படியே எறியும். அன்னை திருத்தியது கையை அன்று, மனத்தை.

மூன்று மறுப்புகள்

விடுதி மாணவர்கள் சொல்லக்கூடிய மறுப்புகளை ஒதுக்கிவிட்டு அறிவுரை கூறுவது முறையன்று. அவை நியாயமாகவே ஆராயத்தக்கவை.

முதல் மறுப்பு: ‘பணம் கட்டியாயிற்று; எப்படிப் பயன்படுத்தினால் என்ன?’ கட்டணம் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. பாழாக்கும் உரிமையைத் தருவதில்லை. விருந்துக்குப் பணம் செலுத்தியவர் இலையில் விழுந்த சோற்றை மண்ணில் கொட்டினால், பணம் கொடுத்ததனால் அது சரியாகிவிடாது. மேலும், கட்டிய பணம் முழு விலையும் அன்று. தீவுகளில் ஒரு யூனிட்டுக்கு ஆகும் எரிபொருள் செலவு மட்டுமே இருபது ரூபாயை ஒட்டி வருகிறது. வீட்டுப் பயனீட்டாளர் செலுத்துவதோ அதில் ஒரு பகுதியே. எஞ்சியதை அரசு, அதாவது நாட்டு மக்கள் அனைவரும் சேர்ந்து சுமக்கிறார்கள். கூலி வேலை செய்பவர் வாங்கும் சோப்புக் கட்டியிலும் வரி உண்டு. கல்லூரியின் வாசலையே மிதிக்காத அந்த மனிதரும் மாணவனின் விளக்குக்கு எண்ணெய் வார்க்கிறார். ஏழைகளின் உழைப்பினால் கல்வி பெற்றும் அவர்களைப் பற்றிக் கவலையற்று இருப்பவர்களைச் சுவாமி விவேகானந்தர் மிகக் கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனம் வெற்றறையில் சுழலும் விசிறியின் கீழும் ஒலிக்கிறது.

இரண்டாவது மறுப்பு: ‘பெரிய ஆலைகளும் அலுவலகங்களும் வீணடிக்கும்போது, ஒரு விளக்கை அணைப்பதனால் என்ன ஆகிவிடும்?’ உலக அளவில் பார்த்தால் ஒரு விளக்கின் பங்கு மிகமிகச் சிறியது என்பது உண்மையே. ஆனால் இதே வாதத்தால் ஒருவன் பொய்யையும் நியாயப்படுத்தலாம். உலகில் கோடிக்கணக்கான பொய்கள் சொல்லப்படுகின்றன. கூடுதலாக ஒன்று சொன்னால் என்ன? பிறர் கடமையில் தவறுவது தன் கடமையைக் குறைப்பதில்லை. அன்றியும் செயலின் பயன் இரண்டு இடங்களில் விழுகிறது. உலகத்தின் மீது விழும் பயன் துளியாக இருக்கலாம். செய்பவனின் மீது விழும் பயன் துளியன்று, முழுமையாகவே விழுகிறது. இன்று கவனமின்றிக் கதவைச் சாத்துபவன் நாளை ஆலையின் மேலாளராகவோ அரசு அதிகாரியாகவோ அமரும்போது, அதே கவனமின்மை ஆயிரம் விளக்குகளின் அளவுக்குப் பெருகும்.

மூன்றாவது மறுப்பு: ‘சிக்கனம் என்று சொல்லிப் படிப்பையும் வசதியையும் கெடுக்கலாமா?’ கூடாது. இங்கே தெளிவு வேண்டும். நள்ளிரவு வரை படிக்கும் மாணவியின் மேசையில் எரியும் விளக்கு வீண் அன்று. மின்சாரம் பிறந்ததன் நோக்கமே அங்கு நிறைவேறுகிறது. விடுதியின் நடைபாதையிலும் வாயிலிலும் பாதுகாப்புக்காக எரியும் விளக்கை அணைப்பது சிக்கனமாகாது, பொறுப்பின்மையாகும். பயன்படுத்துதல் வேறு, பாழாக்குதல் வேறு. யோக சாத்திரம் கூறும் அபரிக்ரஹம் தேவையானதைத் துறப்பதன்று. தேவைக்கு மேற்பட்டதைப் பற்றாதிருப்பது.

தேவைக்கு மேற்பட்ட ஒளி தீங்கும் செய்யக்கூடும். ரங்கத்துக்கு அருகில் உள்ள கத்பர்ட் விரிகுடாக் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள், இரவில் கடலின் மேல் தோன்றும் மெல்லிய வெளிச்சத்தை அடையாளமாகக் கொண்டே நீரை நோக்கி நகரும். கரையின் பக்கம் செயற்கை விளக்குகள் ஒளிர்ந்தால் அவை திசை மாறி நிலத்தின் பக்கம் சென்று மடிகின்றன. இருளும் இறைவன் படைத்ததே. அதை நம்பி வாழும் உயிர்களும் உண்டு.

அச்சம், பரிசு, அறிவு

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் 2005ஆம் ஆண்டு மாணவர் விடுதிகளுக்கிடையே மின் சேமிப்புப் போட்டி இரண்டு வாரங்கள் நடத்தப்பட்டது. மின் பயன்பாடு சராசரியாக 32 விழுக்காடு குறைந்தது. தங்கள் விடுதி அந்த நிமிடத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை உடனுக்குடன் திரையில் காண முடிந்த விடுதிகளில் 55 விழுக்காடு குறைந்தது. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் அளவு தெரிவிக்கப்பட்ட விடுதிகளில் குறைவு 31 விழுக்காடு. அறிவுரை எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. பரிசும் பொதுவே. வேறுபாட்டை உண்டாக்கியது காணுதல். அறியாமை விலகினால் நடத்தை மாறும் என்ற வேதாந்த உண்மைக்கு இது உலகியலிலிருந்து கிடைக்கும் சிறு சான்று.

ஆனால் அத்துடன் நின்றுவிடலாகாது. போட்டி முடிந்து பரிசு வழங்கப்பட்ட மறுநாள் என்ன ஆகும்? கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தியாகத்தை மூன்றாகப் பகுத்துக் காட்டுகிறது. மயக்கத்தால் விடுவது தாமசம். உடல் வருத்தத்துக்கு அஞ்சி விடுவது ராஜசம். கடமை என்று உணர்ந்து, பற்றையும் பயனையும் விடுவதே சாத்விகம். அந்தப் பகுப்பின் வழியில் விடுதி விளக்கையும் பார்க்கலாம். விடுதிக் காப்பாளரின் அபராதத்துக்கு அஞ்சி அணைப்பவன், காப்பாளர் ஊருக்குப் போன அன்று அணைக்க மாட்டான். பரிசுக்காக அணைப்பவன், பரிசு இல்லாத மாதத்தில் மறந்துவிடுவான். இது இத்தனை மனிதரின் உழைப்பு என்று அறிந்து அணைப்பவனுக்கு மட்டுமே காவலும் வேண்டியதில்லை, கைதட்டலும் வேண்டியதில்லை.

அதனால் அபராதமும் போட்டியும் பயனற்றவை என்று பொருளன்று. குழந்தை நடக்கப் பழகும்போது சுவரைப் பிடித்துக்கொள்வது போல அவை தொடக்கத்துக்கு உதவும். சுவரையே வாழ்நாள் முழுதும் பிடித்துக்கொண்டிருப்பதுதான் பிழை. இரவு பத்து மணிக்கு மின் இணைப்பையே துண்டித்துவிடும் விடுதியில் மின்சாரம் மிஞ்சும், மனிதன் வளர்வதில்லை.

விடுதியே சாதனைக் களம்

செய்யக்கூடியவை எளியவை. விடுதியின் பொது மீட்டரை ஒரு மாணவர் நாள்தோறும் பார்த்து, நேற்றைய யூனிட்டையும் இன்றைய யூனிட்டையும் அறிவிப்புப் பலகையில் எழுதலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு சுண்ணக்கட்டி போதும். அறையிலிருந்து கடைசியாக வெளியேறுபவர் சுவிட்சுப் பலகையை ஒருமுறை பார்ப்பது என்று அறைத் தோழர்கள் தமக்குள் முடிவு செய்துகொள்ளலாம். பழைய 75 வாட் விசிறிகள் பழுதாகும்போது, ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தரும் புதிய வகை விசிறிகளை வாங்குமாறு நிர்வாகத்திடம் கேட்கலாம். குளிர்சாதனம் உள்ள கூடங்களில் 24 பாகை போதும். 2020 முதல் நட்சத்திரக் குறியிட்ட புதிய குளிர்சாதனங்கள் அந்த அளவிலேயே தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 14ஆம் நாள் தேசிய எரிசக்திச் சேமிப்பு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று ஊர்வலம் போவதோடு நில்லாமல், அவ்வாண்டின் மீட்டர் கணக்கை விடுதிவாசிகள் கூடி அமர்ந்து படித்துப் பார்க்கலாம்.

ரங்கத் இன்னொரு பாடமும் சொல்கிறது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ரங்கத்தோ 93 பாகைக்கு அருகில் இருக்கிறது. ஆகவே அங்கே கோடையில் காலை 5 மணி அளவிலேயே சூரியன் எழுந்துவிடுகிறான்; குளிர்காலத்தில் மாலை 5 மணி அளவிலேயே மறைந்துவிடுகிறான். அதிகாலையில் எழுபவனுக்குக் கட்டணமில்லாத வெளிச்சம் காத்திருக்கிறது. எட்டு மணி வரை உறங்கி, நள்ளிரவுக்குப் பின்னும் வீண்பேச்சில் விழித்திருப்பவன், கதிரவன் இலவசமாகத் தந்த மூன்று மணி நேரத்தை உறக்கத்தில் விட்டுவிட்டு, அதற்கு ஈடாக டீசலை எரிக்கிறான். பிரம்ம முகூர்த்தத்தில் துயிலெழுமாறு முன்னோர் வகுத்த நெறி மனத்தின் தெளிவுக்காக ஏற்பட்டது. அதே நெறி மின் நிலையத்தின் சுமையையும் குறைக்கிறது என்பது இக்காலத்தார் கண்டுகொள்ள வேண்டிய செய்தி.

தவம் செய்யக் காட்டுக்குப் போக வேண்டும் என்று எண்ணும் இளைஞர்கள் உண்டு. பிறருடன் பங்கிட்டு வாழும் இடம், எவரும் கண்காணிக்காத அறை, செலவு தன்னைத் தொடாத வசதி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த விடுதியைவிடக் கடுமையான தவச்சாலை வேறு எங்கும் கிடைப்பது அரிது. அங்கே தேறியவர்கள் பிற்காலத்தில் பொதுச் சொத்து எதைக் கையில் ஒப்படைத்தாலும் அதைச் சிதற விடமாட்டார்கள். பூட்டுவதற்கு முன் ஒரு கணம் நின்று சுவிட்சைத் தொடும் அந்த விரலுக்குச் சாட்சி யாரும் இல்லை. உள்ளே இருந்து பார்க்கும் அந்தர்யாமி ஒருவரைத் தவிர.